நாகலூர் எஞ்சினின் இரண்டு சூரியன்கள்

நாகலூர் சந்திப்பின் ரயில்வே காலனியில், ஆயுத பூஜை அன்று காலை ஒன்பது மணிக்கு, சந்தனம் குங்குமம் வைத்து, ரோஜா மாலை போட்டு, இன்ஸ்டிட்யூட் வாசலில் கேரம் மேசையின்மேல் வெயிலில் தூக்கி வைத்திருந்த இரண்டடி நீளப் பொம்மை எஞ்சினுக்குப் பாதி நிழல்தான் விழுகிறது என்பதை முதலில் கவனித்தவள் மரகதவல்லி. கவனித்துவிட்டு, பொரிகடலையைப் பங்கு பிரிக்கிற வேலை கையில் இருந்ததால், அதை முடித்துக் கையைத் தட்டிக்கொண்டுதான் மற்றவர்களிடம் சொன்னாள்.

பாதி என்றால் சரிபாதி இல்லை. புகைபோக்கிக்கு நிழல் இருந்தது, அது உட்கார்ந்திருந்த பாய்லருக்கு இல்லை. அதனால் புகைபோக்கியின் நிழல் மேசை விரிப்பில் எதையும் பற்றிக்கொள்ளாமல் தனியே நின்றது. அதற்கு நாலு விரல்கடை தள்ளி நீராவிக் குமிழின் நிழல், அதற்கும் அப்பால் டிரைவர் பொம்மையின் நிழல், தொப்பையோடு. சக்கரங்களுக்கு நிழல் இல்லை. பின்பெட்டியின் சுவர்களுக்கு இல்லை, ஆனால் உள்ளே குவித்திருந்த கரிக்கு ஒவ்வொரு பொடிக்கும் ஒரு பொடி நிழல் இருந்தது. வெயிலில் கோளாறு என்று மேசையை வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நகர்த்திப் பார்த்தார்கள். மரத்துக்கும் மேசைக்கும் நிழல் ஒழுங்காகத்தான் விழுந்தது. சரி, பூஜைக்கு நேரமாகிறது என்று கற்பூரம் ஏற்றினார்கள்.

அந்த எஞ்சினைக் காலனியில் 'சின்னது' என்பார்கள். எஞ்சின் ஷெட்டில் நிற்பவை பெரியவை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பொறியாளர், ஊருக்குக் கப்பலேறும்போது பெட்டியில் இடமில்லை என்று விட்டுவிட்டுப் போனது. அதன் வயிற்றுப் பக்கத்தில் பதித்த பித்தளைத் தகட்டில் ஆல்டர்விக் என்ற ஊர்ப் பெயரும் 1911 என்ற வருஷமும் இருந்தன. ஊழியர்கள் மாலையில் சீட்டாடக் கூடுகிற இன்ஸ்டிட்யூட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள், வருஷம் முழுக்க அது சும்மா நிற்கும். ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்னால் மட்டும் வெளியே வரும். அதற்கு ஒரு முறை உண்டு. வருஷத்துக்கு ஒரு வீடு. முறை வந்த வீட்டார் சின்னதைத் துணியில் சுற்றிக் கைக்குழந்தையைப் போல எடுத்துப்போய், புளி போட்டு விளக்கி, மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, பூஜையன்று காலையில் திருப்பிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். யாரும் சரிபார்த்து வாங்குவதில்லை. சரிபார்ப்பது அந்த வீட்டை அவமதிப்பதாகும் என்று காலனியில் ஒரு மரியாதை இருந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த மரியாதைதான் காரணம்.

பூஜை முடிந்து சுண்டலும் தீர்ந்து, சின்னதை உள்ளே எடுத்துவைக்கலாம் என்று நான்கு பேர் வந்தபோது மணி பதினொன்றே முக்கால். சூரியன் உச்சந்தலைமேல் இருந்தது. ஆட்களின் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. அப்போது பாய்லருக்கும் சக்கரங்களுக்கும் அதுவரை இல்லாமலிருந்த நிழல் புறப்பட்டது, நெடுநெடுவென்று, மேற்கைப் பார்த்து, மேசையின் விளிம்பைத் தாண்டித் தரையில் இறங்கி, இன்ஸ்டிட்யூட் படிக்கட்டு வரை. புகைபோக்கியின் நிழலோ மற்ற எல்லாரையும் போலக் காலடியிலேயே கிடந்தது.

முப்பத்துநான்கு வருஷம் ரயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது இன்ஸ்டிட்யூட்டுக்குச் செயலாளராக இருக்கும் இன்னாசிமுத்து, நேரம் சம்பந்தப்பட்ட எதையும் விடாதவர், சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். விரல்விட்டுக் கணக்குப் போட்டார். பிறகு, ஆல்டர்விக்கில் இப்போது பொழுது விடிகிறது என்றார். ஷெட் குமாஸ்தா செல்போனில் தேடிப் பார்த்தார். நிமிஷம் பிசகாமல் பொருந்தியது.

"அசல் சாமானுக்கெல்லாம் பொறந்த ஊரு வெயிலு. மாத்தின சாமானுக்கு நம்மூரு வெயிலு. அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு, கேன்டீன் நடத்தும் தனபாக்கியம் அடுப்பில் சாம்பார் இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

அதைவிடச் சுருக்கமாகப் பிறகு யாரும் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் காலனி அதற்குப் பழகிவிட்டது. ஆல்டர்விக்கில் மேகமாக இருந்தால் அசல் சாமான்களுக்கு அன்று முழுவதும் நிழல் கிடையாது. வெளிறிய வெயில் என்றால் வெளிறிய நிழல். மேகம் சிதறி ஓடினால் நிழலும் விட்டுவிட்டுத் துடிக்கும். வண்டிகள் எவ்வளவு தாமதம் என்று சாக்பீஸால் எழுதும் பலகையின் அடியில் "ஆல்டர்விக்: தூறல்" என்று யாரோ எழுத ஆரம்பித்தார்கள். நடைமேடையில் காத்திருந்த வெளியூர்க்காரர்கள் அது ஏதோ புது ஸ்டேஷன் என்று நினைத்து டிக்கெட் கேட்டார்கள். தொடர்ந்து நான்கு நாள் அங்கே வெயில் இல்லாமல் போனபோது, பாவம், அங்கே துணி எப்படிக் காயும் என்று பெண்கள் கவலைப்பட்டார்கள். தனபாக்கியம் அந்த ஊருக்காகப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தாள். பர்மாவில் பிறந்து மூன்று வயதில் அகதியாக வந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் மட்டும் சில நாள் காலையில் மைதானத்தின் நடுவில் தனியாக நின்று தன் நிழலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அது நாகலூர் நிழலாகவே விழுந்தது. பிறகு அவர் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்துக்கு, நிழல் எந்தப் பிரிவின் கீழ் வரும் என்று கேட்டுப் பதில் வந்தது.

இவை எதிலும் மரகதம் கலந்துகொள்ளவில்லை. அவளுக்குச் சின்னதிடம் வேறு ஒரு வேலை இருந்தது.

மரகதத்துக்கு ஐம்பத்தைந்து வயது. ஷெட்டில் சீனியர் பிட்டர். அவள் புருஷன் சிங்காரமும் அதே ஷெட்டில் பிட்டராக இருந்தவன்தான். கல்யாணமாகி நான்காம் வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அவன் இடத்துக்கு இவளை எடுத்தார்கள். அவனுடைய 417 என்ற பித்தளை வருகை டோக்கனையே இவள் கையில் கொடுத்தார்கள். முதல் இரண்டு வருஷம் 'சிங்காரம் சம்சாரம்' என்று கூப்பிட்டார்கள், பிறகு 'மேஸ்திரியக்கா' என்று. ஒரு சாமான் தேய்ந்துபோனால் அதன் இடத்தில் இன்னொன்றைப் பூட்டுகிறார்களே, அப்படித்தான் தன்னைப் பூட்டியிருக்கிறார்கள் என்று அவளுக்குப் பல நாள் தோன்றியதுண்டு. சொன்னதில்லை.

சிங்காரம் எதற்கும் பத்து நிமிஷம் தாமதம். கூடவோ குறையவோ இல்லை, பத்து. தாலி கட்டவே பத்து நிமிஷம் பிந்தி வந்தவன். மரகதம் எதற்கும் பத்து நிமிஷம் முன்னால் போய் நிற்பவள். இரண்டு பேரையும் கூட்டி வகுத்தால் சரியான நேரம் வரும் என்று இன்னாசிமுத்து கேலி செய்வார். ஷெட்டுப் பக்கத்து மேம்பாலத்தின் அடியில் தினமும் சாப்பாட்டு அடுக்கோடு அவள் இருபது நிமிஷம் காத்திருப்பாள். கடைசி ஊர்வலத்திலும் அவனைத் தூக்கிக்கொண்டு போகையில் லெவல் கிராசிங் கதவைச் சாத்திவிட்டார்கள். பாசஞ்சர் வண்டி போக, பாடையோடு பத்து நிமிஷம் நின்றார்கள். அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில் ஒருத்தி மரகதம்.

அவன் ஒருநாள், வெறும் வாய்ப்பேச்சாக இல்லாமல், கண்ணைப் பார்த்துச் சொல்லியிருந்தான்.

"சின்னதுல ஒரு சாமான் நான் செஞ்சது. எதுன்னு நீ கண்டுபிடிக்க முடியாது. அந்த ஊருல அதைச் செஞ்சவனே எந்திரிச்சு வந்தாலும் முடியாது."

"எதுன்னு சொல்லுங்க."

"ரிட்டயர் ஆகிற அன்னிக்குச் சொல்றேன்."

அப்போது ஓய்வு வயது ஐம்பத்தெட்டு. அவன் போன பிறகு அரசாங்கம் அதை அறுபதாக்கியது. மரகதம் மனசுக்குள் மேலும் இரண்டு வருஷம் கூட்டிக்கொண்டாள். அவன் இருந்திருந்தால் ஓய்வுபெற்றிருக்க வேண்டிய நாள், இந்த வருஷம் செப்டம்பர் முப்பது. அதற்கு மறுநாள்தான் ஆயுத பூஜை. பாதி நிழலைப் பார்த்தவுடன் யாரிடமும் சொல்லாமல் அவள் பொரிகடலையைத் தொடர்ந்து பங்கு பிரித்ததற்குக் காரணம் அதுதான். நிழல் விழுகிற சாமான் மாற்றின சாமான். எனில் அவன் சாமான் எது என்று சூரியனே சொல்லிவிடும்.

ஆனால் சூரியன் இருபத்துமூன்று சாமான்களைக் காட்டியது.

பூஜைக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையே இன்னாசிமுத்து கூட்டம் போட்டார். நூறு வருஷத்துச் சொத்தைச் சீரழித்தவர்கள் தாமாக ஒப்புக்கொள்வது நல்லது என்று, வழக்கத்துக்கு அதிகமான கண்டிப்போடு பேசினார். யாரும் நிமிரவில்லை. ஒவ்வொருவரும் மின்விசிறியையோ சொந்தப் பெருவிரலையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தனபாக்கியம் எழுந்தாள்.

"கரி என்னோடது. எங்க சின்னவன் அப்ப தவழ்ற புள்ள, அசலை அள்ளி வாயில போட்டுட்டான். மிளகு போட்டு வச்சேன். சும்மா போட்டுட்டு விடலண்ணே, ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாத்திக்கிட்டுத்தான் வர்றேன். இல்லாட்டி வண்டு வச்சிடும்."

அதற்குப் பிறகு மடை திறந்துவிட்டது. புகைபோக்கி, ஊதுவத்தி ஸ்டாண்டின் கால். நீராவிக் குமிழ், ஒரு மாமியாரின் குங்குமச் சிமிழ் மூடி. கைப்பிடிக் கம்பிகள், கொண்டை ஊசி. இடதுபக்க விளக்கின் கண்ணாடியைத் தான்தான் மாற்றியதாகக் கணவன் ஒருவர் எழுந்து சொல்லும்போதே அவர் மனைவியும் எழுந்து அதையே சொன்னாள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஒரே முறையில், இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள். மின்சாரப் பிரிவு ரங்கபாஷ்யம் வேர்த்து வழிந்தபடி, டிரைவர் பொம்மையின் தலையை நாய் கடித்துவிட்டதையும், கொலுவிலிருந்து செட்டியார் பொம்மையை எடுத்துத் தொப்பி போட்டு நிறுத்தியதையும் சொன்னார்.

"கையில தராசு இருக்கேய்யா. பத்தொம்பது வருஷமாவா?" என்றாள் தனபாக்கியம்.

"அது பிரேக் பிடினு நெனச்சேன்," என்றார் இன்னாசிமுத்து. சொல்லிவிட்டு உட்கார்ந்தவர் மறுபடி எழுந்து, முன்பக்கத்தில் மோதல் தாங்கும் இரண்டு பஃபர்களும் தன் கார்டு கோட்டின் பித்தளைப் பொத்தான்கள் என்றார். பதினோரு வருஷமாக அவர் கோட்டை ஊக்குப் போட்டு மாட்டிக்கொள்வதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். பெருத்துவிட்டார் என்று நினைத்திருந்தார்கள்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. எல்லாரும் தான் மட்டும்தான் திருடன் என்று வருஷக்கணக்கில் தலைகுனிந்து நடந்திருக்கிறார்கள். தலை நிமிர்ந்ததும் பசி எடுத்தது. தனபாக்கியம் எல்லாருக்கும் ரவா கேசரி கிண்டினாள்.

மரகதம் மட்டும் கையிலிருந்த தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே உரியவர் பெயரை எழுதிக்கொண்டே வந்திருந்தாள், பெயர் இல்லாமல் ஒன்று மிஞ்சும் என்று. இருபத்துமூன்று சாமானுக்கும் பெயர் இருந்தது. ஒன்றுக்கு இரண்டு பெயர். சிங்காரத்துக்கு இடமில்லை.

இன்னாசிமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவன் சொன்னதையெல்லாம் வச்சுக்கிட்டு நீ இத்தனை வருஷம் இருந்திருக்கியே, மரகதம். மூணு மணி வண்டியை மூணு பத்துக்குப் போய்ப் பிடிக்கலாம்னு எங்கிட்டயே சொன்னவன்மா அவன்," என்றார், கேலியைப் பாதியிலேயே விட்டுவிட்டு.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் போனவன் அன்று இன்னொரு தடவை போனான். இந்த முறை லெவல் கிராசிங்கில் நிற்கக்கூட இல்லை.

அவளுக்கு அந்த வாரம் பிற்பகல் ஷிப்ட். கண்ணாடிப் பெட்டியின் சாவி அவளிடம் இருந்ததால், ஆல்டர்விக் விடியலைப் பார்க்க வருகிறவர்களுக்காகச் சின்னதை வெளியே எடுத்துவைக்கும் பொறுப்பும் அவளிடம் வந்திருந்தது. மனமில்லாமல்தான் செய்தாள். அக்டோபர் பத்தாம் தேதி, அங்கே பல நாளைக்குப் பிறகு நிர்மலமான வானம். மேசையின் இடப்பக்கம், சக்கரங்களுக்கு நேர் எதிரே, முக்காலியில் அவள் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். குறித்த நேரத்தில் நிழல்கள் எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டன. பார்த்தவர்கள் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். மரகதத்தின் கண்ணில் மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. சக்கரங்களின் நிழல் விழுந்தாயிற்று. சக்கரங்களை ஒன்றோடொன்று கோக்கிற சைடு ராடு, விரல் நீளத்து எஃகுத் தண்டு, இந்தப் பக்கத்துடையதற்கு நிழல் இல்லை. தூசியோ என்று முந்தானையால் துடைத்தாள். இல்லை. காலையிலும் அதற்கு நிழல் இருக்கவில்லையே, அது அசல்தானே என்று குழம்பினாள்.

பிறகு, எல்லாரும் போன வாசலில், எந்த அவசரமும் இல்லாமல், அந்தத் தண்டின் நிழல் வந்தது. மேற்கைப் பார்த்து, ஆல்டர்விக் சூரியனுக்கு, சரியாகப் பத்து நிமிஷம் தாமதமாக.

மரகதம் எழுந்து மறுபக்கம் போய் வலது தண்டின் அடியை விரலால் தடவிப் பார்த்தாள். அரம் கைதவறி ஓடின மூன்று கீறல்கள் தட்டுப்பட்டன. அந்த ஊரில் யாரோ ஒருவன், எதையோ நினைத்துக்கொண்டிருந்தபோது போட்டவை. இடது தண்டின் அடியைத் தடவினாள். அதே இடத்தில் அதே மூன்று கீறல்கள். ஒரு கை இரண்டு தடவை ஒரே மாதிரி தவறாது. பிட்டருக்கு அது தெரியும். வலது தண்டை மாதிரியாக வைத்து இதைச் செய்தவன் அந்த மனுஷனின் கைப்பிசகைக்கூட விட்டுவைக்காமல் செய்திருக்கிறான். சூரியனையே ஏமாற்றியிருக்கிறான். நேரத்தில் மட்டும் மாட்டிக்கொண்டான்.

"ரிட்டயர் ஆகிற அன்னிக்குன்னு சொன்னீங்க. பத்து நாள் பொறுத்து வந்திருக்கீங்க," என்றாள். வேறு யாரும் இல்லாததால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. அப்புறம் பத்து நாள் அவள் ஷெட்டில் பாடிக்கொண்டே வேலை செய்வதாகச் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வடக்கே ஒரு பெரிய நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து, மேலிடத்து உத்தரவோடு, பத்ரிநாராயணன் வந்து இறங்கினார். வெள்ளைக் கையுறை, பூதக்கண்ணாடி, சிவப்பும் பச்சையுமாக இரண்டு கட்டு ஸ்டிக்கர். பழைய பொம்மை எஞ்சின்களில் எது அசல், எது பின்னால் பூட்டியது என்று பிரிப்பதே அவர் தொழில். திருகாணியின் புரியையும் பெயிண்டின் அடுக்கையும் பார்த்தே சொல்லிவிடுவார். நிழலைப் பற்றிச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. அது இன்னும் வசதி என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். காலையில் நிழல் விழாமல் இருப்பது மட்டும் போதாது, அந்த ஊர் விடியும்போது விழவும் வேண்டும், இரண்டும் ஒரே நாளில் நடந்தால்தான் பச்சை ஸ்டிக்கர் என்றார். பச்சை ஒட்டியவை அருங்காட்சியகத்துக்கு. சிவப்பு ஒட்டியவை அவரவர் வீட்டுக்கு.

"ஒடம்பு ஒரு ஊருக்கு, மூக்கு ஒரு ஊருக்கா பிரிப்பாங்களா சார்?" என்று கேட்டாள் தனபாக்கியம்.

"அசல் பாதுகாக்கப்பட வேண்டுமம்மா," என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு வைத்த இரண்டாவது கேசரியையும் மறுக்காமல் சாப்பிட்டார்.

மரகதம் அன்றிரவு சாப்பிடவில்லை. இடது தண்டு என் புருஷன் செய்தது என்று சொன்னால் அதற்குச் சிவப்பு ஒட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் செய்தவனே எழுந்து வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று அவன் சொன்னதை அவன் பெண்டாட்டியே காட்டிக்கொடுத்ததாகிவிடும். சொல்லாவிட்டால் அவன் ஜெயித்தவனாகவே பச்சை ஒட்டிக்கொண்டு வடக்கே போய்விடுவான். அவள் இங்கே முக்காலியில் உட்கார்ந்து எதைப் பார்ப்பாள்?

ஐப்பசி பிறந்திருந்தது. இங்கே வெயில் அடித்தால் அங்கே மேகம். அங்கே வெயில் என்றால் இங்கே அடைமழை. மழையில் நனைந்துகொண்டே பாய்லரின் நிழல் படிக்கட்டு வரை நீண்டு கிடந்ததைக் காலனியே குடை பிடித்துப் பார்த்தது, பத்ரிநாராயணன் தலையை ஆட்டினார், காலைச் சோதனை நடக்காத நாள் செல்லாது என்று. இப்படி ஐந்து நாள் போயிற்று.

அந்த ஐந்து நாளும் மரகதம் லீவு போட்டாள். முதல் சம்பளத்தில் வாங்கிய ஸ்பேனரின் கைப்பிடியை அறுத்தாள். சிங்காரத்தின் வைஸ் பிடிப்பானில் பூட்டி, சிங்காரத்தின் அரங்களால் இழைத்தாள். முதலாவது முறிந்தது. இரண்டாவது ரொம்ப நேராக வந்துவிட்டது. அந்த ஊர்க்காரன் அவ்வளவு நேராகச் செய்கிறவன் இல்லை. மூன்றாவதில், நூலால் அளந்து, துளை போட்டு, சாம்பலும் எண்ணெயும் தேய்த்து மெருகேற்றி, கடைசியாகத் தண்டைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு அரத்தை மூன்று தடவை கைதவற விட்டாள். அவன் அந்த மனுஷனைப் பார்த்துச் செய்ததை இவள் அவனைப் பார்த்துச் செய்தாள். செய்து முடித்ததும் எது எது என்று அவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவன் இடத்தில் தன்னைப் பூட்டியதில் தப்பொன்றும் இல்லை என்று தோன்றியது.

ஆறாம் நாள் விடியலில் சின்னதைத் துடைக்க எடுத்தவள் தண்டை மாற்றினாள். அவனுடையதை 417 டோக்கனோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்று பளிச்சென்று வெயில். ஒன்பது மணிக்கு இருபத்துமூன்று நிழல்கள் விழுந்தன, இருபத்துமூன்று சிவப்பு. மரகதம் இடது தண்டின் கீழே பார்க்கத் துணிவில்லாமல் பத்ரிநாராயணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்தார், பூதக்கண்ணாடியால் பார்த்தார், நகர்ந்தார். நிழல் இல்லை.

பனிக்காலம் நெருங்கியதால் ஆல்டர்விக்கில் இப்போது விடிவது நம் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு. பத்ரிநாராயணன் நேரம் தவறாதவர், ஆகவே அதுவரை தயிர்சாதம் சாப்பிடப் போனார். மேசையருகே மரகதமும் இன்னாசிமுத்துவும் மட்டும். இன்னாசிமுத்து கடிகாரத்தைக் கையில் வைத்திருந்தார். மணி பன்னிரண்டு பதினைந்து. மற்ற அசல் சாமான்கள் எல்லாம் இன்னும் நிழலில்லாமல் இருக்க, இடது தண்டின் நிழல் மட்டும் தனியாக வெளியே வந்து, மேற்கைப் பார்த்துப் படுத்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தது.

இன்னாசிமுத்து நிழலைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மரகதத்தைப் பார்த்தார். வண்டிகளையும் மனிதர்களையும் வரும் நேரத்தை வைத்தே அடையாளம் கண்டுபிடித்துப் பழகியவர் அவர்.

"எங்க இருந்தாலும் பத்து நிமிஷம் முன்னாடியே வந்து நின்னுடுவியே, நீ," என்றார் மெதுவாக.

கேன்டீன் பக்கம் கை அலம்பும் சத்தம் கேட்டது. இன்னாசிமுத்து ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தன் கறுப்புக் கோட்டை உருவி, வேர்க்கிறது என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லி, மேசையின் அந்தப் பக்கம் பரப்பினார். கறுப்பின்மேல் நிழல் தெரியவில்லை. பத்ரிநாராயணன் வந்தார். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மற்ற நிழல்கள் புறப்பட்டதும் இன்னாசிமுத்து, புழுக்கம் போய்விட்டது என்று கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். எல்லாம் சரியாக இருந்தன. இடது தண்டுக்குப் பச்சை.

அசல் சாமான்கள் வைக்கோல் பொதிந்த பெட்டியில் வடக்கே போயின. காலனியில் இருபத்துமூன்று சாமான்களும் ஒரு பெட்டிச் சாவியும் மிஞ்சின. இரண்டு மாதம் கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. பிறகு பொங்கலுக்குள், யாரும் கூட்டம் போடாமலே, ஷெட்டின் கழிவு இரும்பிலும் சமையலறைப் பித்தளையிலுமாகப் பாய்லரும் சக்கரங்களும் வந்து சேர்ந்தன. ஊதுவத்தி ஸ்டாண்டு புகைபோக்கியாயிற்று, மிளகு கரியாயிற்று, செட்டியார் தராசோடு ஏறி நின்றார். இன்னாசிமுத்து பொத்தான்களைத் திரும்பக் கொடுத்துவிட்டு ஊக்கோடே இருந்துவிட்டார். இத்தனை நாள் ஒளித்துவைத்திருந்த இடது சைடு ராடை மரகதம் பூட்டினாள்.

இப்போது காலை ஒன்பது மணிக்குப் புது எஞ்சினுக்கு முழு நிழல் விழுகிறது, ஒரு விரல் நீளம் தவிர. வருகிறவர்கள் அந்த இடைவெளியைக் காட்டிக் கேட்டால், தனபாக்கியம் சொல்வாள்: "அது ஒண்ணுதான் சீமைச் சாமான். மிச்சமெல்லாம் நாங்க." மரகதம் மறுத்துப் பேசுவதில்லை. அருங்காட்சியகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, ஒரு தண்டின் நிழல் மட்டும் மற்றவற்றுக்குப் பத்து நிமிஷம் முன்னால் விழுகிறதாகவும், அந்தக் காலத்து ஆல்டர்விக் தொழிலாளர்களின் நேரந்தவறாமையைப் பற்றி ஒருவர் ஆராய்ச்சி செய்து வருவதாகவும்.

அவள் மட்டும் தினமும், அந்த ஊர் விடிவதற்குப் பத்து நிமிஷம் முன்னால், சாப்பாட்டு அடுக்கோடு வந்து முக்காலியில் உட்காருகிறாள். விடிகிறது. நிழல் வருவதில்லை. அடுக்கைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். முன்னால் பத்து, பின்னால் பத்து. இருபது நிமிஷம் ஒன்றும் அதிகமில்லை, கல்யாணமான நாளிலிருந்து பழகினதுதான்.